பள்ளிச் சேர்க்கையை அளக்க எதைப் பார்ப்பது: மொத்தச் சேர்க்கை விகிதமா, நிகரச் சேர்க்கை விகிதமா?

ஒரு ஊரில் 6 முதல் 10 வயதுவரை 100 குழந்தைகள். அங்கே ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை படிப்பவர்கள் 104 பேர் என்று வைத்துக்கொள்வோம். வயது பார்க்காமல் படிப்பவர்கள் எல்லோரையும் எண்ணும் மொத்தச் சேர்க்கை விகிதம் 104. நூறைத் தாண்டியதால் எல்லோரும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 104 பேரில் 12 பேருக்கு வயது 5 அல்லது 11 என்றால், 6 முதல் 10 வயதுவரை உள்ளவர்களை மட்டும் எண்ணும் நிகர விகிதம் 92தான். விடுபட்ட அந்த 8 பேர் எங்கே என்று கேட்க வைப்பது இந்த எண்தான். அதனால் தொடக்கக் கல்விக்கு நான் நிகரத்தையே முதலில் பார்ப்பேன்.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்ந்த பிள்ளை 10 வயதில் ஆறாம் வகுப்பில் இருக்கும். படித்துக்கொண்டிருந்தும் தொடக்கநிலைக் கணக்கில் அது வராது. அந்த வயதில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பவர்களையும் சேர்த்து எண்ணும் திருத்திய நிகர விகிதம்தான் இங்கே நியாயமானது.

சரி, எத்தனை ஆசிரியர் வேண்டும் என்ற கணக்குக்கு எதைப் பார்ப்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்கநிலையில் 30 மாணவருக்கு ஒருவர், நடுநிலையில் 35க்கு ஒருவர் என்கிறது. இங்கே வயதே பொருட்டில்லை. 11 வயதுப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஆசிரியர் வேண்டும். எனவே மொத்தத் தலை எண்ணிக்கைதான் சரி, அதுவும் மாவட்டச் சராசரியாக அல்ல, பள்ளிவாரியாக.