மக்ஸ்என்ட்: கொழும்புச் சதுப்பில் ஓட்டிப் பார்த்தேன்

இலவச மென்பொருள். வெள்ளவத்தையில் என் பழைய மடிக்கணினியிலேயே ஓடியது. ஒரு செடியைக் கண்ட இடங்களின் ஆள்கூறுகளையும், வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத்தொகுப்பின் 19 காலநிலை மாறிகளையும் கொடுத்தால், அந்தச் செடி எங்கெல்லாம் வளரக்கூடும் என்று வரைபடம் போட்டுத் தரும்.

நான் கொடுத்தது, எங்கள் சதுப்புகளை விழுங்கிவரும் 'வெல் ஆத்தா', அன்னமுன்னாவின் உறவுக்காரி. கொழும்பு முழுக்கச் சிவப்பு, அதாவது எங்கும் வளருமாம்! சிரிப்புத்தான் வந்தது. மாநகரமே 37 சதுர கிலோமீற்றர். காலநிலைத் தரவின் மிகச் சிறிய கட்டமே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் அகலம். கைவிட்ட வயல், மண் கொட்டி நிரப்பிய நிலம், கால்வாய்க் கரை எதுவும் அந்தத் தரவில் இல்லை. தப்பு என்னுடையது. நிலப்பயன்பாட்டு அடுக்கை நுணுக்கமாகச் சேர்த்த பிறகுதான் சிவப்பு பெல்லன்விலச் சதுப்புப் பக்கம் ஒதுங்கியது.

ஐந்துக்கு நான்கு. மக்ஸ்என்ட் ஓடத் தேவையான ஜாவா மென்பொருளை நிறுவ அக்காவின் மகனைக் கெஞ்சவேண்டி வந்ததற்கு ஒன்று குறைத்துவிட்டேன்.