எல்எல்எம் விண்ணப்பத்துக்கு எல்எஸ்ஏசி சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் எல்எல்எம் எனும் சட்ட முதுகலைப் படிப்பைப் படிக்க விரும்பும் வெளிநாட்டு மாணவர்களுக்காக, பென்சில்வேனியாவிலுள்ள நியூடவுனைத் தலைமையிடமாகக் கொண்ட எல்எஸ்ஏசி (சட்டக் கல்லூரிச் சேர்க்கைக் குழுமம்) அமைப்பு ஆவணத் தொகுப்புச் சேவை ஒன்றை நடத்துகிறது. மதிப்பெண் சான்றுகள், பரிந்துரைக் கடிதங்கள், டோஃபல் எனும் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் ஆகியவற்றை ஒருமுறை அங்கே சேர்ப்பித்துவிட்டால், இச்சேவையைப் பயன்படுத்தும் சட்டக் கல்லூரிகளில் நாம் தேர்ந்தெடுப்பவற்றுக்கு அவர்களே அனுப்பிவைக்கிறார்கள். ஐந்தாறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

சேவையின் கண்டிப்பு மதிப்பெண் சான்றில்தான் தெரிகிறது. எல்எஸ்ஏசி இணையதளத்தில் நமக்குள்ள கணக்கிலிருந்து அச்செடுத்த கோரிக்கைப் படிவத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து, அவர்களே சான்றை உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மீது முத்திரை வைத்து நேரடியாக அனுப்பும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நாமே ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது. போலிச் சான்றுகளைத் தடுக்க இது தேவைதான் என்றாலும், தேர்வுப் பிரிவில் சலானைக் காட்டி நின்று, "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கே இதிலுள்ள பாடு புரியும். ஆகவே விண்ணப்பக் கட்டுரைக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

கட்டணம் சுமையே. ஆவணத் தொகுப்புக்கு ஒன்று, வெளிநாட்டுச் சான்றைச் சரிபார்த்து மதிப்பிட இன்னொன்று, போதாதற்குக் கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணம். எல்லாக் கல்லூரிகளும் அந்த மதிப்பீட்டைக் கேட்பதில்லை. சில கல்லூரிகள் நேரடி விண்ணப்பத்தையும் ஏற்கின்றன. எனவே ஒவ்வொரு கல்லூரியின் நிபந்தனையையும் படித்த பிறகே பணம் செலுத்துங்கள்.