பாஸ்டில்லா, வெர்சாயா, துய்லரியா? ஃபிரெஞ்சு ராஜாவ நெஜமா கவுத்த நாள் எது

ஃபிரெஞ்சு புரட்சின்னா ஸ்கூல்ல நம்ம மண்டைல ஏத்துனது 1789 ஜூலை 14, பாரிஸ்ல பாஸ்டில்ங்கிற சிறைக்கோட்டை விழுந்த நாள் மட்டும்தான். ஆனா ராஜா பதினாறாம் லூயிய கவுத்த நாள் எதுன்னு பாத்தா இன்னும் ரெண்டு தேதி போட்டிக்கு நிக்குது, அதே வருஷம் அக்டோபர் 5-6 (வெர்சாய்), அப்புறம் 1792 ஆகஸ்ட் 10 (துய்லரி). என் ஓட்டு பாஸ்டிலுக்கு இல்ல.

பாஸ்டில்ல என்னதான் நடந்துச்சு? ஜூலை 11 நெக்கர்ங்கிற நிதி மந்திரிய ராஜா தூக்கிட்டாரு, பாரிஸ சுத்தி பட்டாளம் வேற வந்து நிக்குது, ஜனங்க அரண்டு போயிட்டாங்க. 14 காலைல இன்வாலிட்ஸ்ங்கிற ராணுவ கட்டடத்துல புகுந்து துப்பாக்கிய அள்ளிட்டாங்க, ஆனா வெடிமருந்து பத்தல, அது இருந்தது பாஸ்டில்ல, அதுக்குத்தான் அங்க போனாங்க. கைதிங்கள விடுவிக்கப் போனாங்கங்கறதெல்லாம் பிற்பாடு சேத்த கலர், உள்ள இருந்ததே 7 பேரு, அதுல 4 பேரு ஃபோர்ஜரி கேஸு! தாக்குனவங்கள்ல கிட்டத்தட்ட 100 பேரு செத்தாங்க, கோட்டை விழுந்துச்சு, கவர்னர் தலை ஈட்டில ஏறுச்சு. பதினாறாம் லூயி அன்னைக்கு டைரில "ஒண்ணுமில்ல"ன்னு எழுதுனாரு (வேட்டைல ஒண்ணும் சிக்கலன்னு அர்த்தம், அத வச்சு ஓட்டுறது பாவம்). பயந்துதான் போனாரு, நெக்கர திரும்ப கூப்ட்டாரு, 17ம் தேதி பாரிசுக்கு வந்து அவங்க குடுத்த, புரட்சிக்கு அடையாளமான ரிப்பன் பூவ தொப்பில குத்திக்கிட்டாரு, எல்லாம் சரி, ஆனா சாயங்காலமே பாரிசுக்கு வெளிய இருந்த தன்னோட வெர்சாய் அரண்மனைக்கு கிளம்பி போயிட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

இப்ப அக்டோபருக்கு வருவோம். ரொட்டி தட்டுப்பாடு, ராஜா மக்கள் பிரதிநிதிங்க சபை போட்ட மனித உரிமை பிரகடனத்துக்கு ஒத்துக்காம இழுத்தடிக்கிறாரு, இந்த நேரத்துல வெர்சாய்ல பட்டாள ஆஃபீசருங்களுக்கு விருந்து, அதுல அந்த புரட்சி அடையாளமான மூவர்ண ரிப்பன மிதிச்சாங்கன்னு ஒரு பேச்சு பரவுது. 5ம் தேதி காலைல சந்தைக்கார பொம்பளைங்க கிளம்பிட்டாங்க. மொதல்ல நகரசபை கட்டடத்துல புகுந்து ஆயுதம் எடுத்தாங்க, அப்புறம் பீரங்கியையும் இழுத்துக்கிட்டு கொட்டுற மழைல சுமார் 20 கிலோமீட்டர் நடந்தே வெர்சாய் போனாங்க. பின்னாடியே தேசிய காவல் படையோட அதோட தளபதி லஃபாயெட்டும் போனாரு, விரும்பி இல்ல, அவரோட சிப்பாய்ங்களே நெருக்குனதால. அன்னைக்கு ராத்திரியே ராஜா பிரகடனத்துக்கு சரின்னுட்டாரு. மறுநாள் விடியகாலைல கூட்டம் அரண்மனைக்குள்ளயே பூந்துடுச்சு, காவலருங்க 2 பேரு காலி, ராணி ராஜா ரூமுக்கு ஓடி தப்பிச்சாங்க. மதியம் ராஜா குடும்பத்த வண்டில ஏத்தி, ரொட்டிக்காரன், ரொட்டிக்காரி, ரொட்டிக்கார பையன் மூணு பேரையும் (ராஜா, ராணி, இளவரசரத்தான் அப்படி சொன்னாங்க) கூட்டிட்டு வர்றோம்னு கத்திக்கிட்டே பாரிசுக்கு கொண்டாந்து துய்லரி அரண்மனைல வச்சுட்டாங்க.

1792 ஆகஸ்ட் 10 பத்தி நீட்டி சொல்ல வேண்டியதில்ல, ரிசல்ட்ட மட்டும் பாத்தா அதுக்குத்தான் மொத மார்க். ராஜா குடும்பத்து மேல கை வச்சா பாரிஸையே அழிச்சுடுவோம்னு பிரஷ்யா, ஆஸ்திரியா படைங்களோட தளபதி பிரன்ஸ்விக் கோமகன் மிரட்டுனது எரியுற நெருப்புல எண்ணெய ஊத்துச்சு. மார்சேய்ல இருந்து வந்த தொண்டருங்களும் பாரிஸ் ஜனங்களும் துய்லரி அரண்மனைய தாக்குனாங்க, ராஜாவோட சுவிஸ் காவலருங்க சுமார் 600 பேரு செத்தாங்க, ராஜா அதுக்கு முன்னாடியே சட்டசபைல போய் தஞ்சம். செப்டம்பர் 21 முடியாட்சியே ரத்து, 1793 ஜனவரி 21 தலையும் போச்சு.

ஆனா அந்த துய்லரிக்கு அவர் எப்படி வந்தாரு? அக்டோபர்ல கொண்டாந்து வச்சதாலதான. 1791 ஜூன்ல வேஷம் போட்டு தப்பிச்சு ஓடி வாரென்ங்கிற ஊர்ல மாட்டுனதும், அதுல மிச்சம் இருந்த மரியாதையும் போனதும் அதனாலதான். கூப்புடு தூரத்துல ராஜா இருந்ததால ஆகஸ்ட் 10 நடந்துச்சு, வெர்சாய்லயே இருந்திருந்தா அவ்ளோ சுலபமா முடிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகந்தான்.

லீவு நாள் அந்தஸ்து என்னவோ பாஸ்டிலுக்குத்தான், 1880ல சட்டமே போட்டுட்டாங்க, நம்ம புதுச்சேரில கூட ஜூலை 14 கொண்டாடுறாங்க. அக்டோபருக்கு அப்படி எதுவும் இல்ல. அந்த பொம்பளைங்க ராஜாவ ஒழிக்கவா போனாங்க, ரொட்டிக்குத்தான போனாங்கன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா அவங்க வண்டில ஏத்துன அந்த ராஜா அதுக்கப்புறம் வெர்சாய்ல ஒரு ராத்திரி கூட தூங்கல.