ஸ்பேசரும் பீக் ஃப்ளோ நோட்டும்: ஆறு வருஷப் பழக்கம்

எங்கள் வீட்டு வாஷ்பேசின் மேல் தட்டில் பிரஷ், பேஸ்ட், பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர், இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கிற குழல். 2019 ஆகஸ்டிலிருந்து அதன் இடம் அதுதான். காலையில் இன்ஹேலர் எடுத்துவிட்டுத்தான் பல் துலக்குவேன், ராத்திரியும் அப்படியே. மருந்து வாயிலும் தொண்டையிலும் தங்கினால் வெண்புண் வரும், குரல் கம்மும். எப்படியும் கொப்பளித்துத் துப்பியாக வேண்டும், அதைப் பல் துலக்குவதோடு சேர்த்துவிட்டால் இரண்டுமே மறக்காது. ஆஸ்துமாவுக்கென்று இந்த ஆறு வருஷத்தில் எவ்வளவோ வாங்கிவிட்டேன். என்னை மீட்டது இந்தத் தட்டில் இருக்கிற பொருள்தான்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் வீசிங் வந்தால் மட்டுமே மருந்து. கைப்பையில் நீல நிறப் பம்ப். இழுப்பு வந்தால் இரண்டு பஃப். அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை கிளினிக்கில் டெரிஃபிலின் ஊசி, நெபுலைசர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கட்டிலில் கையை ஊன்றிக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பேன். நீலப் பம்ப்பில் இருக்கும் சால்ப்யூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. வீக்கம் அப்படியே இருக்க, நான் கதவை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் நீலப் பம்ப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ‘ஜீனா’ மாறியதும் அதே 2019-இல்தான்.

நுரையீரல் மருத்துவர், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான புடசோனைடும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரை எழுதிக் கொடுத்தார். “ஸ்டீராய்டா? பம்ப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதும்மா” என்று அம்மா பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு நாலு பஃப் எடுத்தாலும் 0.8 மில்லிகிராம்தான், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. இழுப்பு முற்றும்போதெல்லாம் ஐந்து நாள் தினமும் 40 மில்லிகிராம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவள் நான். இரண்டும் வேறு வேறு மருந்து, எடைக்கு எடை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்பது அன்று புரிந்தது.

ஸ்பேசர் இல்லாமல் நேரடியாக அடித்தபோது பாதி மருந்து நாக்கிலேயே கசந்தது. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். மூச்சு முட்டுகிற நேரத்தில் யாருக்கு அது கூடிவரும்? ஸ்பேசரில் அந்த அவசரம் இல்லை. டப்பாவைக் குலுக்கி ஒரே ஒரு பஃப், மெதுவாக ஆழமாக உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி விடுவேன். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷம் பொறுத்து, மறுபடியும் குலுக்க வேண்டும். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற பவுடர் கருவிக்கு இது பொருந்தாது. அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறி உபயோகித்தவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள்.

நான் செய்த தவறு வேறு. வாரம் ஒருமுறை ஸ்பேசரைக் கழுவித் துண்டால் பளபளவென்று துடைத்து வைப்பேன். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்துத் துளிகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது மூணு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல், தட்டுக்கூடையில் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். என் இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் வசதியும் இல்லை. 120 பஃப், நாளுக்கு நாலு என்றால் சரியாக 30 நாள். ஆரம்பித்த தேதியை டப்பா மேலேயே எழுதிவிடுவேன். தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்சம் பார்க்கிற வழக்கத்தை மட்டும் யாரும் நம்ப வேண்டாம், அது சரியாகக் காட்டாது.

அடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கிற கருவி. நின்றுகொண்டு ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதை நோட்டில் குறிப்பேன். என் சிறந்த அளவு 380. அதில் 80 சதவீதம், அதாவது 304-க்கு மேல் இருந்தால் வழக்கம்போல். பாதியான 190-க்குக் கீழே போனால் நீலப் பம்ப் எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றாலும் அப்படித்தான், மீட்டரைத் தேடி நிற்க மாட்டேன். மருத்துவர் எழுதித் தந்த இந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

2021 ஐப்பசி மழையில் அந்த நோட்டு ஒரு வேலை செய்தது. மருந்து ஒரு வேளைகூட விடவில்லை. ஆனால் காலை அளவு 360, 335, 310 என்று இறங்கிக்கொண்டே வந்தது. மாலையில் ஆபீசிலிருந்து திரும்பும்போது நன்றாக இருந்தது. அப்படியானால் கோளாறு ராத்திரியில், படுக்கும் அறையில். கட்டிலுக்குப் பின்னால் இருந்த பீரோவை நகர்த்தினோம். பாத்ரூம் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை, மிளகைத் தூவிய மாதிரி. விரல் வைத்தால் ஈரம். பெரம்பூரில் பழைய வாடகை வீடு, குழாய்க் கசிவு. வீட்டு ஓனர் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அதுவரை ஹாலில் படுத்தேன், பத்து நாளில் அளவு 360-க்கு ஏறியது. அந்த மீட்டர் இல்லையென்றால் மழைக்காலம் என்றால் இப்படித்தான் என்று இருந்திருப்பேன்.

தலையணை, மெத்தைக்கு ஜிப் வைத்த உறை வாங்கினோம். போர்வைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம், தூசிப் பூச்சி சாக அந்தச் சூடு வேண்டும். இரண்டும் பலன் தந்தன. ஏர் ப்யூரிஃபையரும் வாங்கினேன். ஜன்னலைத் திறந்துவைக்கும் வீட்டில் அதற்கு வேலை குறைவு; கையில் பணம் கம்மி என்றால் கடைசியில் யோசிக்கலாம்.

புகையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அன்றிலிருந்து என்று சொல்ல முடியாது, படித்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொசுவலைதான். மிளகாய் வறுப்பதை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். சாம்பிராணிதான் கஷ்டமாக இருந்தது. “வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம எப்படிடி விளக்கேத்துறது?” என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இப்போது விளக்கு மட்டும் உள்ளே, சாம்பிராணி பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. அவரே பழகிக்கொண்டார்.

மூணு மாதத்துக்கு மேல் கட்டுக்குள் இருந்ததால் மருத்துவர் நாலு பஃப்பை இரண்டாகக் குறைத்தார். நானாகக் குறைக்கவில்லை. ஒருமுறை நன்றாக இருக்கிறதே என்று மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, மறுபடி அந்த மூன்று மணிக் கட்டில் ஓரத்துக்குப் போய் வந்தவள்.

இந்த வருஷம் போகிக்கு முந்தின ராத்திரியே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்தோம். காலை ஆறு மணிக்கு 340. மறுநாள் பொங்கலன்று 370. மொட்டை மாடியில் விறகடுப்பு மூட்டுவது மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கேஸ் அடுப்பில்தான் பானை பொங்கியது.