ஆல்பாஃபோல்டு தரவுத்தளம்: கணிப்போடு ஐயத்தையும் காட்டும் சேவை

2024-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, ஆல்பாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் அறிவிக்கப்பட்டபோது, புரதங்களின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிட்டது என்று பல செய்திகள் ஒரே வரியில் சொல்லி முடித்தன. அந்த வரி எந்த அளவுக்கு உண்மை என்பதைப் பொதுவாசகர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள உதவும் இணையச் சேவைதான் ஆல்பாஃபோல்டு புரதக் கட்டமைப்புத் தரவுத்தளம். கூகுள் டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் இணைந்து 2021 ஜூலையில் தொடங்கிய இதில், மறு ஆண்டே அந்த நிரல் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவங்கள் சேர்ந்துவிட்டன. கட்டணமும் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை.

இந்த எண்ணிக்கையின் பெருமையை உணர, பழைய உழைப்பைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலியான புரதம் எப்படி மடிந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வேலை பெரும்பாலும் அமைகிறது. வரிசையை மரபணுவிலிருந்து படித்துவிடலாம். மடிப்பை அவ்வளவு எளிதில் அறிய முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் வடிவத்தை, புரதப் படிகத்தின் மீது எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி ஆராயும் எக்ஸ்ரே படிகவியல் வழியாகக் கண்டறியும் பணியில் விஞ்ஞானி மேக்ஸ் பெருட்ஸ் 1937-இல் இறங்கினார். முதல் வடிவம் கிடைக்க 1959 ஆயிற்று. இப்படி உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் 1971 முதல் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்த வடிவங்களைப் பயின்றே ஆல்பாஃபோல்டு கணிக்கக் கற்றுக்கொண்டது. இந்தக் கடனைச் செய்திகள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

தளத்தின் தலைசிறந்த அம்சம் அதன் வண்ணங்கள். தேடல் பெட்டியில், புற்றுநோயைத் தடுக்க உதவும் பி53 என்ற புரதத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டு, மனிதனுக்குரிய பதிவைத் திறந்தால், 393 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி முப்பரிமாண உருவமாகச் சுழல்கிறது. டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் நடுப்பகுதி கச்சிதமாக மடிந்து அடர்நீலத்தில் நிற்க, இரு முனைப் பகுதிகளிலும் பெரும்பங்கு மஞ்சளும் ஆரஞ்சுமாக, பிரிந்த நூல்போல அலைகிறது. அடர்நீலம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நம்பிக்கை மதிப்பெண். ஆரஞ்சு என்றால் ஐம்பதுக்கும் கீழே. ஆரஞ்சுப் பகுதியின் உருவத்தை நம்பக் கூடாது என்று தளமே சொல்லிவிடுகிறது. அத்தகைய பகுதிகள் பல வேளைகளில் நிலையான வடிவமே இல்லாதவை. ஒவ்வோர் அமினோ அமிலத்தின் மீதும் சுட்டியை வைத்தால் அதற்குரிய மதிப்பெண் தெரிகிறது. தன் முடிவு எங்கே உறுதியானது, எங்கே தடுமாறுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவதே இச்சேவையின் மீது எனக்குப் பெரும் மதிப்பை ஏற்படுத்துகிறது.

வண்ணம் சொல்லாத குறைகளும் உண்டு. ஹீமோகுளோபினின் ஆல்பா சங்கிலியைத் திறந்தால் ஏறக்குறைய முழுவதும் நீலமாகவே இருக்கும். ஆனால் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் இரும்பைத் தாங்கிய ஹீம் மூலக்கூறு அந்த உருவத்தில் இல்லை, அது அமரும் பள்ளம் மட்டும் காலியாகத் தெரிகிறது. உடலில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதையும் அந்தத் தனிச் சங்கிலியைப் பார்த்து ஊகிக்க முடியாது. பீட்டா சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்தநோய் வருகிறது. அத்தகைய ஒற்றை மாற்றத்தின் விளைவை இந்த உருவத்திலிருந்து படிக்க முயல்வது தவறு. புரதங்கள் அசைபவை, இங்கே காண்பதோ அவற்றின் ஒரு நிலை.

பயன்படுத்துவது எளிது. பக்கத்தின் கீழே வரும் பச்சை நிறச் சதுரக் கட்டம்தான் புதியவரைத் திகைக்க வைக்கும்: புரதத்தின் இரு பகுதிகள் ஒன்றுக்கொன்று எங்கே அமைந்துள்ளன என்பதை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் அக்கட்டத்தில், பச்சை அடர்ந்த இடம் நம்பகமானது. இந்த ஒரு குறிப்பைத் தெரிந்துகொண்டால் உருவத்தில் அருகருகே தெரியும் பகுதிகள் உண்மையிலும் அப்படித்தான் உள்ளனவா என்று சோதிக்கலாம். உயிரியல் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதலில் பி53-ஐயே திறக்கட்டும், ஏனெனில் உறுதியும் ஐயமும் ஒரே உருவத்தில் அங்கே அருகருகே கிடைக்கின்றன.