ஜாவாவின் க்ளாஸ்.நியூஇன்ஸ்டன்ஸுக்கு மாற்று எது? மூன்று வழிகள்

கோலாலம்பூர் நிறுவனங்களின் பழைய சம்பள மென்பொருள்களில் இந்த வேலை வழக்கம்: இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் கணக்கிடும் க்ளாஸின் பெயரை கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுத்து, நியூஇன்ஸ்டன்ஸ் போட்டு ஆப்ஜெக்ட் உருவாக்குவது. ஜாவா 9 (2017) அதை டெப்ரிகேட் செய்துவிட்டது, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டது.

எல்லாரும் முதலில் எடுப்பது கெட்டிக்ளேர்ட்கன்ஸ்ட்ரக்டர்().நியூஇன்ஸ்டன்ஸ்(). ஒரு வரி மாற்றம்தான், ஆனால் பிழை வரும் பாதை மாறிவிடும். முன்பு கன்ஸ்ட்ரக்டர் வீசிய எக்ஸெப்ஷன் அப்படியே வெளியே வந்தது. இப்போது இன்வோகேஷன்டார்கெட்எக்ஸெப்ஷன் என்ற உறைக்குள் வரும். அது செக்ட் வகை, அதாவது பிடிக்கவோ அறிவிக்கவோ கம்பைலர் கட்டாயப்படுத்தும் எக்ஸெப்ஷன். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் டிரான்ஸாக்‌ஷனல் இயல்பாக ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எர்ரருக்கும்தான் ரோல்பேக் செய்யும் (பதிவுகளைத் திரும்பப் பெறும்). உறையைப் பிரிக்காமல் மேலே விட்டால் பாதி சம்பளப் பதிவு கமிட் ஆகிவிடும். கெட்காஸால் உள்ளே இருக்கும் அசல் எக்ஸெப்ஷனை எடுத்து மறுபடி வீசும் உதவி மெத்தட் ஒன்றை எழுதி, எல்லா இடமும் அதையே அழைக்கட்டும். அதை வேறு பேக்கேஜில் வைத்தால் பேக்கேஜ்-பிரைவேட் கன்ஸ்ட்ரக்டர்கள் (அதே பேக்கேஜுக்குள் மட்டும் அழைக்கக்கூடியவை) இல்லீகல்ஆக்ஸெஸ்எக்ஸெப்ஷன் தரும், கவனம்.

இரண்டாவது வழி, கன்ஸ்ட்ரக்டரை நேரடியாக அழைக்கும் கைப்பிடியான மெத்தட்ஹேண்டில். அது எக்ஸெப்ஷனை உறையிடாது, அந்த வகையில் பழைய நடத்தைக்கு நெருக்கம். வேகம் வேண்டுமென்றால் ஸ்டாட்டிக் ஃபைனலில் வைக்க வேண்டும். பெயரை ஓடும்போது படிக்கிற நமக்கு அது எங்கே வாய்க்கும்? ஜாவா 18 முதல், ஓடும்போது பெயரை வைத்து க்ளாஸைக் கையாளும் ரிஃப்ளெக்‌ஷனே உள்ளுக்குள் மெத்தட்ஹேண்டிலில்தான் ஓடுகிறது, அதனால் வேகத்துக்காக இதற்கு மாற வேண்டியதில்லை.

மூன்றாவது வழி: க்ளாஸ் பட்டியல் முன்கூட்டியே தெரிந்தால் சப்ளையர் மேப் (பெயருக்கு எதிரே ஆப்ஜெக்ட் உருவாக்கும் ஃபங்ஷன் வைத்த அட்டவணை) போதும், ரிஃப்ளெக்‌ஷனே வேண்டாம். கோடில் உள்ள க்ளாஸ் பெயரின் எழுத்துப்பிழை கம்பைலிலேயே பிடிபடும். சம்பள மென்பொருளுக்கு எங்கள் தேர்வு இதுதான். வாடிக்கையாளர் தனி ஜார் கொண்டுவருவதாக இருந்தால் மட்டும், ஜார்களிலிருந்து க்ளாஸ்களைக் கண்டெடுக்கும் சர்வீஸ்லோடர்.

பழைய கோடில் நியூஇன்ஸ்டன்ஸ் அழைப்புகளைத் தேடும்போது வெறும் கிரெப்பை (உரைத் தேடல்) நம்பாதீர்கள். எக்ஸ்எம்எல் படிக்க உதவும் டாக்குமென்ட்பில்டர்ஃபேக்டரியின் நியூஇன்ஸ்டன்ஸும் சேர்ந்து வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜாவா கம்பைலரான ஜாவாசியில் எக்ஸ்லின்ட் டெப்ரிகேஷன் ஆப்ஷனைப் போடுங்கள். இயல்பாக 100 எச்சரிக்கைதான் காட்டும். எக்ஸ்மேக்ஸ்வார்ன்ஸை உயர்த்தாவிட்டால் மீதி கண்ணில் படாது. சோர்ஸ் இல்லாத ஜாருக்கு ஜேடிகேயின் ஜேடெப்ர்ஸ்கேன் கருவி.

ஒரு உறுப்பை அணுகலாமா என்று கேட்கும் இஸ்ஆக்ஸஸிபிளும் அதே ஜாவா 9-இல் டெப்ரிகேட் ஆனதுதான், அதற்கு மாற்று கேன்ஆக்ஸஸ். ஆனால் அது வெறும் மறுபெயர் அல்ல: பழையது செட்ஆக்ஸஸிபிள் கொடியை மட்டும் சொன்னது, புதியது அழைப்பவருக்கு உண்மையில் அனுமதி உண்டா என்று பார்க்கும். கேன்ஆக்ஸஸை அழைக்கும்போது ஸ்டாட்டிக் உறுப்புக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கும் நல் (வெற்று மதிப்பு) கொடுக்க வேண்டும், மற்றவற்றுக்கு அந்தந்த ஆப்ஜெக்ட். மாற்றிக் கொடுத்தால் இல்லீகல்ஆர்குமென்ட்எக்ஸெப்ஷன்.