ரவுண்ட்ஹவுஸ் டார்ஜிலிங் பி கிளாஸ்: நெருப்பும் தண்ணீரும் ஓட்டும் குட்டி எஞ்சினுக்கு இவ்வளவு விலை தரலாமா?

தரலாம். ஆனால் ஒரு தோட்டம் இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும், எஞ்சின் விலைக்கு மேல் இன்னொரு தொகையையும் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

ரவுண்ட்ஹவுஸ் என்பது இங்கிலாந்தில் டான்காஸ்டர் ஊரில் 1982-லிருந்து இயங்கிவரும் சின்ன நிறுவனம். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனும், நீராவி எஞ்சின்களில் வேக சாதனை படைத்த மல்லார்டும் பிறந்த அதே டான்காஸ்டர்தான். இவர்கள் செய்யும் மாடல் நீராவி எஞ்சின்களுக்குள் மின்மோட்டார் கிடையாது. செம்பு பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் செல்லும் குழாயில் பியூட்டேன் கேஸை எரித்தால் வரும் நீராவிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது, அசல் எஞ்சினில் எப்படியோ அப்படியே. நான் வாங்கியது டார்ஜிலிங் மலை ரயிலின் பி கிளாஸ். 1889-ல் கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி செய்யத் தொடங்கிய நான்கு சக்கர எஞ்சின் அது. டார்ஜிலிங் பாதையின் அகலம் 2 அடி. இந்த மாடல் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில், அதாவது 1:19 அளவில் செய்யப்பட்டது, அதனால் தண்டவாளம் சரியாக 32 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. பல மாடல்களில் அளவு ஒன்றாகவும் தண்டவாள அகலம் வேறாகவும் இருந்து கண்ணை உறுத்தும், இதில் அந்தக் குறை இல்லை.

பி கிளாஸ் எஞ்சினை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அழகான எஞ்சின் என்பதைவிட உழைக்கிற எஞ்சின். கட்டையான உடம்பு, பாய்லர் மேல் குதிரைச் சேணம் மாதிரி கவிழ்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, கேபினுக்கு முன்னால் நிலக்கரிப் பெட்டி. அந்தக் கரி மேலேயே ஒருவர் உட்கார்ந்து கட்டிகளை உடைத்துக்கொடுப்பார், எஞ்சினின் முகப்பில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு, சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டே போவார்கள். 2258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் ஸ்டேஷனுக்கு ஏறுவது அப்படித்தான். அந்த ஆட்களின் உருவங்களை நாம்தான் தனியாகத் தேடி வாங்கி வைக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் இந்த எஞ்சின் எனக்கு முழுசாகத் தெரியவில்லை.

சரி, ஓட்டுவது எப்படி? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்த காசு எல்லாம் இங்கேதான் இருக்கிறது. முதலில் எண்ணெய் விட வேண்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு சொட்டு. பிறகு சிரிஞ்சால் பாய்லருக்குத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, லண்டன் பக்கம் தண்ணீரில் சுண்ணாம்பு ஏகத்துக்கு இருக்கிறது, அதனால் வடிகட்டிய மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர். அப்புறம் சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் லூப்ரிகேட்டரில் தேன் பதத்தில் இருக்கும் கெட்டியான ஸ்டீம் ஆயில். இந்த லூப்ரிகேட்டரில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதை நான் இன்னமும் வியந்துகொண்டிருக்கிறேன்: உள்ளே புகும் கொஞ்சம் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் போய்த் தங்குகிறது, தண்ணீர் அடியில் சேரச் சேர எண்ணெய் மேலே தள்ளப்பட்டு நீராவியோடு கலந்து சிலிண்டருக்குப் போய்விடுகிறது. ஓட்டி முடித்ததும் அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி எண்ணெய் நிரப்பினால் போதும்.

கேஸை லேசாகத் திறந்து புகைபோக்கி வாயில் லைட்டரைக் காட்டினால் 'பொப்' என்ற சத்தத்தோடு தீ உள்ளே ஓடிப் பாய்லர் குழாய்க்குள் உட்கார்ந்துகொள்ளும். பிரஷர் முள் மெல்ல ஏறி 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம்) பக்கம் வரும்போது சேஃப்டி வால்வு சீறும். சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் ஒழுங்காக ஓடிவிடும் என்று நினைக்கக் கூடாது. சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருப்பதால் உள்ளே போன நீராவி தண்ணீராகி, புகைபோக்கி வழியாகச் சூடான எண்ணெய்த் துளிகளோடு துப்பும், சக்கரம் ஒரு அரைச் சுற்றுப் போய் முரண்டுபிடித்து நிற்கும். கையால் முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிக்கொடுக்க வேண்டும், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சிலிண்டர் சூடானதும் அந்தத் துப்பல் நின்று 'சஃப் சஃப்' என்று ஒரே சீராக மூச்சு விட ஆரம்பிக்கும் பாருங்கள், அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை, சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியின் சத்தமேதான். ஏற்றத்தில் அது கனக்கிறது, இறக்கத்தில் லேசாகிறது.

ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடம் ஓடும். தண்ணீர் தீர்வதற்கு முன்பே கேஸ் தீரும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் பாய்லர் காய்ந்து கருகும் ஆபத்து குறைவு. ரிமோட் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இது இல்லாமல் ஓட்டுபவர்கள் உண்டு, ஆனால் இறக்கத்தில் வேகம் பிடித்து வளைவில் கவிழ்வதற்கு ஒரு நொடி போதும்.

ஏன் நிலக்கரி வைக்கவில்லை என்று கேட்பார்கள். எஞ்சினை 19-ல் ஒரு பங்காகச் சுருக்கும்போது பாய்லரின் கொள்ளளவு 6859-ல் ஒரு பங்காகிவிடுகிறது, ஆனால் வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு 361-ல் ஒரு பங்குதான் ஆகிறது. ஆக, உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெப்ப இழப்பு 19 மடங்கு. இத்தனை சின்ன அடுப்பில் கரித்தீயை அணையாமல் காப்பது பெரிய வித்தை, அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், விலையும் அதற்கேற்ப எகிறும். கேஸ்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சரி. ஒரே சங்கடம், நீராவி கண்ணுக்கு அழகாகத் தெரிவது குளிர் நாளில்தான், அந்தக் குளிரில்தான் பியூட்டேன் சோம்பிவிடும். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் அது ஆவியாகவே மறுக்கிறது. கேஸ் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதக் காலைகள்தான் இங்கே எனக்குப் பிடித்த நேரம்.

இனி காசு. ரிமோட்டோடு சேர்த்து 2000 பவுண்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் தண்டவாளம் (டெவன் மாகாணத்துப் பீக்கோ செய்யும் எஸ்.எம். 32 வகை), ரயில் பெட்டிகள், ஆயில், கேஸ், தோட்டத்தில் சமதளம் அமைக்கும் செலவு. இந்தக் கடைசிச் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுவே எஞ்சின் விலையைத் தொட்டுவிடலாம். சிறு தொகுதிகளாகக் கையால் செய்வதால் காத்திருக்கவும் வேண்டும்.

இதுவே அதிகம் என்பவர்கள் மாடல் எஞ்சின்களுக்குப் பேர்போன ஜப்பானின் ஆஸ்டர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. 1975-ல் இங்கிலாந்தின் ஸ்கூல்ஸ் கிளாஸ் எஞ்சினோடு தொடங்கிய பெயர் அது, 1:32 அளவில் அவர்கள் கொண்டுவந்த அமெரிக்க பிக் பாய் எஞ்சின் நாலடிக்கு மேல் நீளம், விலை ஒரு புதுச் சின்னக் கார் அளவு, அதைத் திருப்ப அகலமான வளைவும் வேண்டும். வேலைப்பாட்டில் ஆஸ்டருக்கு நிகர் ஆஸ்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் தோட்டத்துக்கு அது பொருந்தாது, பெரும்பாலான வீடுகளின் தோட்டத்துக்கும் பொருந்தாது.

ஊட்டி ரயில் எஞ்சினை இப்படிச் செய்யக்கூடாதா என்று நம் ஆட்கள் எல்லோருமே கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஊட்டிக்கு ஏறும் அந்த எக்ஸ் கிளாஸில் நான்கு சிலிண்டர், அதில் இரண்டு நடுவில் உள்ள பல்சக்கரத்தைச் சுழற்றுவதற்கு மட்டும். நம் பொன்மலைப் பணிமனை முழு அளவிலேயே புது எக்ஸ் கிளாஸ் செய்து காட்டியிருக்கிறது. அதை உள்ளங்கை அளவு சிலிண்டர்களோடு நீராவியில் ஓடவைத்தால் விலை டார்ஜிலிங் எஞ்சினைவிடப் பல மடங்கு போகும்.

குறைகளும் உண்டு. கேபினுக்குள் அடைசல், பிரஷர் முள்ளைக் குனிந்து கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். பாய்லரைச் சுற்றி எதைத் தொட்டாலும் சுடும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒருவர் அவர்கள் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். ஓட்டி முடித்தபின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் வைத்தால் பெயின்ட் மங்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் பாய்லர் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், விற்பவரை எதிரிலேயே நீராவி ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வால்வு, சக்கரம், ரப்பர் வளையம் எல்லாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை, ஆகவே பதினைந்து வயது எஞ்சின் என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. விலையும் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. பாய்லரில் கசிவு தெரிந்தால் மட்டும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.